புன்மியின் வண்டி ஏன் கிளம்பவில்லை

என் பேர் சவாட், மெக்கானிக். பான் நாபோங் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற வண்டிகளில் பாதியை ஓட வைத்தவன் நான்தான். மீதிப் பாதி நின்று போனதற்கும் நான்தான் காரணம் என்று சொல்கிற வாய்கள் இங்கே உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் புன்மியின் பிக்கப் விஷயத்தில் அந்த வாய்கள் என்னை வண்டியோடு விடவில்லை. வண்டிக்காரன் பெண்டாட்டியோடும் சேர்த்துப் பேசிவிட்டன. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

புன்மி தைவானில் ஒரு திருகாணி ஆலையில் ஆறேழு வருஷம் கிடந்துவிட்டு ஊருக்கு வந்து இறங்கினான். வந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, நேராக வீட்டுக்கு அடியில் குனிந்து வண்டியைப் பார்த்தான். எங்கள் வீடுகள் எல்லாம் தூண்கள் மேல் நிற்பவை, அடியில்தான் மாடும் நெல்லும் வண்டியும். போகிற அன்று அவனே வண்டியை மூக்கு உள்ளே போகிற மாதிரி நெல் மூட்டைகளோடு ஒட்டி நிறுத்தி, தார்ப்பாயால் சுற்றி மூடி, கயிறு போட்டு இறுக்கி, "நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் இந்தக் கயித்துல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி லம்துவானும் வைக்கவில்லை. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. அதற்கு அவள் கழுத்தில் ஒரு மாலை போட்டிருக்க வேண்டும். இவன் என்ன செய்தான் தெரியுமா? முடிச்சைப் பார்த்துவிட்டு என்னைக் கூட்டிவரச் சொன்னான்.

"ராக்கெட் திருவிழாவுக்கு நம்ம தெரு ராக்கெட்ட என் வண்டிலதான் ஏத்தணும். எவ்வளவு நேரம்டா ஆகும்?" என்றான். மழை கேட்டுத் தெருவுக்கு ஒரு ராக்கெட் செய்து வானத்துக்கு விடுகிற திருவிழா அது.

"ஒரு பாட்டில் சோடா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள" என்றேன். நான் இப்படித்தான் பேசுவேன். வாய் முந்திக்கொள்ளும், ஸ்பேனர் பின்னால் வரும்.

மூட்டைகளை நகர்த்தி, தார்ப்பாயை உரித்தோம். கதவைத் திறந்ததும் குப்பென்று மல்லிகை வாசனை அடித்தது. பூட்டிக் கிடந்த வண்டியில் எலி மூத்திரமும் பூஞ்சையும்தான் நாற வேண்டும். புன்மி மூக்கை உறிஞ்சினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். எனக்கு வேர்க்குரு ஜாஸ்தி, வெயில் காலத்தில் மல்லிகை வாசனைப் பவுடரை முகத்தில் அப்பிக்கொண்டுதான் திரிவேன். ஊரில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் அங்கே நின்ற ஒரே வெள்ளை மூஞ்சி என்னுடையது.

"வண்டில என்னடா வாசனை?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும்? உன் வண்டி" என்று பானெட்டைத் தூக்கினேன்.

பேட்டரி செத்துப் போயிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். என் பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இரண்டு இருமல் இருமி, இன்ஜின் அணைந்தது. பழைய பெட்ரோல் என்று டேங்கைத் திறந்து முகர்ந்தேன், வார்னிஷ் மாதிரி இருந்தது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். இரண்டு இருமல், அணைந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அள்ளிக் கொட்டினேன். இரண்டு இருமல். கார்புரேட்டரைக் கழற்றி ஓட்டை ஓட்டையாக ஊதினேன், பிளக்குகளைச் சுரண்டினேன், பொறி நீலமாக அடித்தது. காற்று உண்டு, பெட்ரோல் உண்டு, பொறி உண்டு. இதற்கு மேல் ஒரு இன்ஜினுக்கு என்னதான் வேண்டும்? மனசாட்சியா?

ஒவ்வொரு தடவை இன்ஜின் செத்தபோதும் புன்மி வண்டியைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பப்பாளி சீவிக்கொண்டிருந்த லம்துவானைப் பார்த்தான்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. சும்மா கூடினால் பரவாயில்லை, ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தன் தள்ளிப் பார்க்கச் சொன்னான், இன்னொருத்தன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு உதடு பிதுக்கினான். "சவாட்டு, ராக்கெட் மேல போகலன்னா செஞ்சவனச் சேத்துல தூக்கிப் போடறோம்ல? வண்டி கிளம்பலன்னா யாரைப் போடறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். முதல் மழை பெய்து எதிர் வயல் தொளதொளவென்று தயாராகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தா கோங் வந்தார். ஆவிகளோடு பேசுகிறவர். ஆவிகள் பேசாத நாட்களில் அரிசிச் சாராயத்தோடு பேசுவார். புன்மி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னான், "பெரியவரே, வண்டித்தாய் கோவிச்சுக்கிட்டா. எதுக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

வண்டிக்கு வண்டி ஒரு தாய் குடியிருக்கிறாள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. என் ஷெட்டில் எந்த வண்டி வந்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். ஆனால் தாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் தா கோங் எதற்கு?

அவர் வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். கண்ணை மூடினார். "வீட்டுக்காரன் இல்லாதப்ப வேற ஆம்பள வாசனை இங்க வந்திருக்கு. தாய் அத மறக்கல" என்றார்.

பப்பாளி சீவுகிற சத்தம் நின்றது.

"யாரு?" என்றான் புன்மி.

தா கோங் மடியிலிருந்து ஒரு கோழி முட்டையை எடுத்தார். பானெட்டை மூடச் சொல்லாமல், முன் மட்கார்டின் சமதளத்தில் முட்டையைக் குத்தவைத்தார். ஊர் ஆம்பளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வாராம், குற்றவாளி பேருக்கு முட்டை அசையாமல் நிற்குமாம். நான் அப்போது இன்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டு ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஆடியது, முட்டையும் எல்லாப் பேருக்கும் உருண்டது. ஊர்த் தலைவர் பேருக்கு உருண்டது, புத்த விகாரத் தலைமைப் பிக்கு பேருக்குக்கூட உருண்டது, அதற்கு ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டாள். "சவாட்" என்றார். என் பேர் காதில் விழுந்ததும் என்னய்யா என்று நிமிர்ந்தேன். வண்டி ஆடுவது நின்றது. முட்டை ஜம்மென்று நின்றது.

"அடப்பாவி மனுசா, நான் கைய எடுத்தேன், அதனால நிக்குது!" என்று கத்தினேன்.

"கைய எங்கருந்து எடுத்த?" என்றான் புன்மி.

அவன் லம்துவான் முன்னால் போய் நின்றான். "ஊர் முன்னாடி கேக்கறேன். வண்டி மேல கை வச்சு சத்தியம் பண்ணு. பண்ணலன்னா இன்னிக்கே நான் கிளம்பறேன். எதுக்குக் கிளம்பினேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டுப் போகட்டும்."

லம்துவான் கத்தியைக் கீழே வைத்தாள். "தப்புப் பண்ணவதான் சத்தியம் பண்ணணும். நான் எதுக்குப் பண்ணணும்? இது எங்க அம்மா வீடு. கிளம்பறதுன்னா தாராளமா கிளம்பு. ஆனா அந்தப் பேரை எம்மேல போட்டுட்டுப் போகாத. நாளைக்கு நான் இந்தத் தெருவுல தண்ணி எடுக்கப் போகணும்."

நான் கோபக்காரன், ஒத்துக்கொள்கிறேன். கையில் ஸ்பேனரும் இருந்தது, யார் மண்டையில் போடலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். அப்போதுதான் அந்த நாய் கண்ணில் பட்டது.

அது லம்துவான் வீட்டுக் கிழட்டு நாய். வண்டிக்குப் பின்னால், புகைக்குழாய்க்கு நேர் எதிரே, மூக்கைக் குழாய் வாயில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் கிடந்தது. இத்தனை தடவை இன்ஜின் இருமியிருக்கிறது. ஒவ்வொரு இருமலுக்கும் அதன் மூஞ்சியில் கரும்புகை பீய்ச்சியிருக்க வேண்டும். அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

உள்ளே போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே வருகிற வழியைப் பார்க்கவே இல்லை! மூச்சை இழுக்க முடிந்தும் வெளியே விட முடியாதவன் எத்தனை நேரம் ஓடுவான்?

ஓடிப்போய்க் குழாய்க்குள் விரலை விட்டேன். பாதி விரல்தான் போனது, கல்லு மாதிரி ஒன்று முட்டியது. கம்பியால் குத்தினேன். டங்கென்றது. சுற்றிலும் கொஞ்சம் நெம்பி இளக்கிவிட்டு, "புன்மி, வாய மூடிட்டுப் போய்ச் சாவியத் திருப்பு. இந்தத் தடவ விடாத" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, போனான்.

இன்ஜின் இருமியது. நான் நாயைக் காலால் தள்ளிவிட்டு ஒதுங்கினேன். காலையிலிருந்து எரியாமல் சைலன்சரில் சேர்ந்த பெட்ரோல் ஆவி எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது போல. அந்த வெடிச் சத்தத்தைப் பக்கத்து ஊரில் ராக்கெட் என்றே நினைத்தார்களாம். குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ பறந்து, கூட்டத்துக்கு நடுவே புகுந்து, தா கோங்கின் சாராயப் பாட்டிலைச் சுக்குநூறாக்கிவிட்டு, படிக்கட்டின் கீழே போய் விழுந்தது. நாய் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடியது. வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு, தடதடவென்று, அணையாமல் ஓடியது.

எல்லாரும் அந்தக் கறுப்புக் கட்டியைப் பார்த்தோம். முஷ்டி அளவு, முள்ளம்பன்றி மாதிரி மேலெல்லாம் சிவப்பு மூங்கில் குச்சிகள். கிட்டே போனால் காய்ந்து இறுகிய சோறு. நாங்கள் மூன்று வேளையும் உருட்டி உருட்டித் தின்கிற அதே ஒட்டரிசிச் சோறு. குச்சிகள் எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் அடிகள். புன்மி இறங்கி வந்து அதைக் கையில் எடுத்தான். மல்லிகை வாசனை. தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து வண்டிக்குள் ஏறியிருந்ததும் இந்தப் பத்திப் புகைதான்.

"இது என்ன?" என்றான். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது.

"கயித்துல கை வைக்கக் கூடாதுன்னல்ல சொன்ன?" என்றாள் லம்துவான். "தாய்க்குப் பத்தி வைக்கணும். முன்பக்கம் தார்ப்பாய், மூட்ட. இந்தக் குழா மட்டுந்தான் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. வண்டிப் புகை போற குழாதான, பத்திப் புகையும் தாய்கிட்டப் போயிரும்னு நெனச்சேன். சோத்த அப்பிக் குத்தி வச்சேன். நெறஞ்சா உலக்கையால உள்ள தள்ளிட்டு மறுபடி அப்புவேன்."

"எப்பல்லாம்?"

"பௌர்ணமி அமாவாசை எல்லாம். நீ வரப் போறேன்னதும் வெளிய தெரிஞ்ச குச்சியெல்லாம் புடுங்கிட்டுத் தொடச்சு வச்சேன், பாக்க நல்லாருக்கணும்னு."

புன்மி குச்சிகளை எண்ணப் பார்த்தான். முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று, எல்லா வருஷமும் அதில் இருந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"லம்துவான்... நான் தெரியாம..."

"நீ உசுரோட திரும்பணும்னுதான் ஒவ்வொரு பத்திக்கும் கேட்டேன்" என்றாள் அவள். இப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "தாய் அனுப்பி வச்சுட்டா, அவ மேல குத்தமில்ல. நல்ல மனுசனா அனுப்புன்னு கேக்கணும்னு எனக்குத்தான் தோணாமப் போச்சு."

பப்பாளித் தட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள்.

யார் முதலில் அவன் காலைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தோள்பட்டை என் கையில் இருந்தது, அது தெரியும். எதிர் வயலில் கொண்டு போய்ப் போட்டோம். தா கோங் நைசாக நழுவப் பார்த்தார், அவரையும் போட்டோம், முட்டையோடு. புன்மி எதிர்க்கவே இல்லை. கட்டியை மட்டும் சேறு படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

மறுநாள் ராக்கெட்டை அந்த வண்டியில்தான் ஏற்றினோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் லம்துவான். புன்மி பின்னால் ராக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று வந்தான். கோயில் வாசலில் ஜன்னல் வழியாகக் குனிந்து, "முன்னாடி வந்து உக்காரட்டுமா?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "எங்கிட்டக் கேக்காத. நான் கேட்ட எடத்துல கேளு. நான் கேட்ட மாதிரி கேளு."

மழைக்காலம் முடிந்து அறுப்பும் வந்துவிட்டது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் புன்மி வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, அந்தக் கறுப்புக் கட்டியைத் தட்டில் வைத்து, அதில் இடம் தேடி ஒரு பத்தியைக் குத்துகிறான். குழாய்ப் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வண்டி இப்போது சாவியைத் தொட்டதும் கிளம்புகிறது. முன்சீட்டு விஷயத்தில் லம்துவான் இன்னும் பதில் சொல்லவில்லை.