பேசிய பீன்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கோடையில் இறந்துபோனாள். அடுத்த வாரமே, வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த பீன்ஸ் அவள் குரலில் பேசியது. கொடி பேசவில்லை. காயை ஒடித்தால் உள்ளேயிருந்து ஒரு பேச்சு வந்தது, ஒரு காய்க்கு ஒன்று. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொடியிடம் வாய் ஓயாமல் பேசியவள் அவள். காய்கள் அதை வாங்கி வைத்திருந்தன, அவ்வளவுதான். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருஷம் எல்லோருக்கும் தக்காளி இலை கருகிய கவலையே பெரிதாக இருந்தது.

பேச்சு எல்லாம் சாதாரணப் பேச்சு. “அடுப்ப அணைச்சேனா?” என்றது ஒரு காய். எதிர்வீட்டுத் தையல்காரி ஆசையாக ஒரு கைப்பிடி காய் வாங்கிப் போனாள். “அவ தைச்சா ஒரு கை நீளம், ஒரு கை குட்டை” என்றது அதில் ஒன்று. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “திட்டுனாலும் அவ குரல்தானே, இன்னும் ரெண்டு குடுங்கண்ணே” என்று கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றாள். மெக்கானிக் ஒடித்த ஒரு காய், “வீட்டுக்கு வந்தா இந்த மனுஷன் வாயத் திறக்கறதில்ல. உங்கிட்டயாவது பேசறேனே” என்றது. அது உண்மை. ஊரார் வீட்டு லிஃப்டுகளுக்கெல்லாம் காது கொடுத்தவர், வீட்டுக்கு வந்தால் டிவிக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு காயைக்கூடப் பறிக்க விடவில்லை. ஒடித்தால் தீர்ந்துவிடுமே என்று பயம். கொடியிலேயே இருந்தால் அவள் பேச்சு பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். காய்கள் முற்றி மஞ்சளாயின. கொடி பூப்பதை நிறுத்திவிட்டது.

“பறிக்கப் பறிக்கத்தாம்ப்பா பூக்கும்” என்றாள் மகள். “முத்த விட்டா வேலை முடிஞ்சுதுன்னு கொடி நின்னுடும். அம்மா எத்தனை தடவ சொல்லியிருப்பாங்க!”

சொல்லியிருப்பாள். அவர்தான் கேட்டதில்லை.

இலையுதிர்காலம் வந்தது. எல்லா வீட்டிலும் பழைய செடிகளைப் பிடுங்கி மண்ணைக் கொத்திவிட்டார்கள். இவர் பந்தல் மட்டும் காய்ந்த கொடியோடு நின்றது. குளிர்மழை இறங்கினால் காய்கள் பூஞ்சை பிடித்துப் பேச்சோடு சேர்ந்து அழுகும். விதை எடுக்க வேண்டுமென்றால் உடைத்தாக வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவள் போய்விடுவாள்.

மழை மூட்டம் போட்ட ஒரு மத்தியானம் அவரே எல்லாவற்றையும் பறித்து வந்து சமையலறை மேஜையில் கொட்டினார். அப்பாவும் மகளுமாக உடைத்தார்கள். காய்ந்த காய்களில் குரல் மெலிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிக் காய், “போதும், இன்னிக்கு இவ்வளவுதான் தண்ணி” என்றது. அவர் மேஜையில் கிடந்த காய்த்தோல்களுக்கு நடுவே முகத்தை வைத்து, குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் மண்வெட்டியை எடுத்தார். பீன்ஸ் வேரைப் பிடுங்க வேண்டாம், அது மண்ணுக்குச் சத்து என்று மகள் சொன்னதால் கொடியைத் தரையோடு அறுத்தார். கருகிய தக்காளிச் செடிகளை அப்புறப்படுத்தி, மக்கிய எரு பரப்பிக் கிளறி, சருகால் மூடினார். வேலை செய்துகொண்டே பேசவும் பேசினார். மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டும் செய்தித்தாளை விடாமல் படித்த பெரியவரைப் பற்றி அந்த வெறும் மண்ணிடம் முழுக்கச் சொன்னார். அந்தக் குளிர்காலம் பூராவும் வேலையிலிருந்து வந்ததும் அங்கே போய் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர் விட்டதும் விதைத்தார்கள். கோடையில் காய்த்தது. ஒடித்தால் வார்த்தை எதுவும் வரவில்லை. “ம்” என்றது, அவள் குரலில். அடுத்த காயும் “ம்” என்றது. மேலே சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற “ம்”.

இப்போதெல்லாம் மெக்கானிக் வேலை முடிந்து வந்து, கை கழுவி, பீன்ஸ் தட்டோடு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லியபடியே காயை ஒடிக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் காய் தீர்ந்துவிட்டால், மகள் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் பறித்து வருகிறாள்.