சுந்தரி டீச்சர் விட்டுப்போன நிழல்

சண்முகசுந்தரி டீச்சர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிநாடு போனபோது அவருடைய நிழல் தென்காசியிலேயே தங்கிவிட்டது. கொரோனா ஓய்ந்த மறு வருஷம் சித்திரையில், பொதிகை எக்ஸ்பிரஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இது நடந்தது. காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் எதையாவது மறந்து திரும்பி வந்தால், எடுத்துக்கொண்டு அப்படியே ஓடக் கூடாது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்புவதுபோலத்தான் கிளம்ப வேண்டும். டீச்சர் தெருமுக்கு வரை போய்விட்டு, ஜன்னல் திட்டில் மறந்துவைத்த காற்றடிக்கும் பம்பை எடுக்கத் திரும்பி வந்தார். கணவர் சிவசைலம் செம்பும் டம்ளருமாக வாசலிலேயே நின்றார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை, உட்காரவில்லை, பம்பை எடுத்தார், போய்விட்டார். அவர் உட்காராவிட்டால் என்ன, நிழல் உட்கார்ந்துகொண்டது. முன்னறைச் சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சுக்கு மேலே, மடியில் கையை வைத்துக்கொண்டு, வராத தண்ணீருக்காக அது காத்திருந்தது. டீச்சர் ஸ்டேஷன் வரைக்கும் நிழலில்லாமல் சைக்கிள் மிதித்துப் போனதைப் பூக்கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

டீச்சர் கார் ஏறாதவர். ஆதியிலிருந்தே அப்படியில்லை, மகன் குமரகுரு செத்த நாளிலிருந்துதான். அவனை ஒரு வேலை விஷயமாகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்விட்டு, சிவசைலம் தம்முடைய காரைத் தாமே ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, பாவூர்சத்திரம் பக்கத்தில் காய்கறி ஏற்றி நின்ற டெம்போவுக்கு விலகப் போய்ப் புளியமரத்தில் மோதினார். சிவசைலத்துக்கு நெற்றியில் ஒரு கீறல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் போய்விட்டான். பத்தாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வேனிலும் காரிலும் குற்றாலம் போக, டீச்சர் மட்டும் நடந்தே போய் நடந்தே வந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை இல்லை, ஒருவரை ஒருவர் குத்திக்காட்டவும் இல்லை. பேச்சும் இல்லை. சோறு எடுத்து வைத்திருக்கிறது, கேஸ் தீரப் போகிறது என்பதையெல்லாம் டீச்சர் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். பெண்டாட்டி தம்மைக் கொலைகாரனாகத்தான் பார்க்கிறாள் என்று சிவசைலம் முடிவு கட்டிக்கொண்டார். அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை என்றும் அவருக்குத் தோன்றியது.

டீச்சர் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவர். ரைன் எங்கே பிறக்கிறது, டான்யூப் எந்தக் கடலில் சேர்கிறது என்று கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து காட்டியவர். கண்ணால் பார்த்தது என்னவோ சிற்றாறுதான். ஓய்வு பெற்றதும் குமரகுருவின் கியர் சைக்கிளைத் துடைத்தெடுத்து, ஆய்க்குடிச் சாலையில் விழுந்தும் எழுந்தும் ஓட்டப் பழகினார். ஊர் சிரித்தது, பிறகு சிரித்துச் சிரித்து அலுத்துப்போனது. ஆனால் சீசன் வந்தால் தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் காருக்குப் பின்னால் கார். ஒவ்வொரு ஹாரனுக்கும் டீச்சர் ஓரமாக இறங்கி நின்று கண்ணை மூடிக்கொள்வார். இதைக் கேள்விப்பட்டுத்தான், நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரீவித்யா, அங்கே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை உண்டு, அதில் கார் வராது, ஆற்றோரமாகவே நாடு விட்டு நாடு போகலாம், கால் வலித்தால் சைக்கிளோடு ரயிலில் ஏறிக்கொள்ளலாம் என்று போனில் சொன்னாள். டீச்சர் மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷனுக்குச் சைக்கிள், சென்னைக்குப் பொதிகை, அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எதிரே இருக்கும் விமான நிலையம் என்று, எந்தக் காரிலும் கால் வைக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் பெடலை மிதித்த அன்று, இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிழலும் எழுந்து சைக்கிளில் ஏறியது. வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைக்குப் போகும், மறுபடி வடக்கு மூலையில் வரும். கோடையில் அந்தப் பக்கம் பொழுது அடைய நேரமாகுமாம், அதனால் இங்கே விளக்கணைத்துப் படுத்த பிறகும் நிழல் மிதித்துக்கொண்டே இருக்கும். ரயிலில் போகும்போது உட்கார்ந்த வாக்கில் லேசாக ஆடும், சுவரில் தொங்கும் காலண்டர் படபடக்கும். மேட்டில் இறங்கித் தள்ளினால் சிவசைலத்துக்கு மூச்சு வாங்கும். விசா சட்டப்படி மூன்று மாதம் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள்ளே, மூன்று மாதம் வெளியே என்று டீச்சர் சுற்றினார். ரைன் கரையோடு ஏறி, டான்யூப் கரையோடு இறங்கி, குளிர்காலத்துக்குத் துருக்கி போய், பனி விட்டதும் திரும்பி வந்து, மகள் வீட்டில் சில வாரம் தங்கிவிட்டு மறுபடி கிளம்பினார். துருக்கியில் பனி பெய்த மாதங்களில் தென்காசிச் சுவர் தொட முடியாதபடி சில்லிட்டுக் கிடந்தது. தெருமுக்கில் இட்லிக்கடை போட்டிருக்கும் உலகம்மை, மாவு புளிக்காமல் இருக்கட்டும் என்று ராத்திரி தன் மாவுத் தூக்கை அந்தச் சுவரோரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். இரண்டு வருஷமும் அவள் கடை இட்லி நன்றாகத்தான் இருந்தது.

சிவசைலம் மாறிப்போனார். நிழலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அது மேடேறும் நாளில் இடைஞ்சலாக இருக்குமென்று பீரோவை வேறு அறைக்கு நகர்த்தினார். இத்தனை வருஷம் வாயில் வராத பேச்செல்லாம் சுவரைப் பார்த்து வந்தது. பையன் கடைசியாக என்ன சொல்லிக்கொண்டு வந்தான், எந்தக் கடையில் டீ குடித்தான், எதற்காகச் சிரித்தான் என்று நிழலிடம் சொல்லிச் சொல்லி அழுதார். நிழல் நிற்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அது அவருக்குப் போதுமாக இருந்தது. உலகம்மைக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாவுத் தூக்கை வைக்க வந்தவள் ஒரு நாள் நேராகவே சொன்னாள்.

“அண்ணாச்சி, மதினி தண்ணி குடிக்காமப் போயிட்டாவ, அதான் இது இங்கன கெடந்து சுத்துது. ஒரு வாய் குடுத்துருங்க. அது அவங்ககிட்டப் போயிரும்.”

“போயிட்டா, எனக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா?” என்றார் சிவசைலம்.

உலகம்மை தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் ஸ்ரீவித்யா விடவில்லை. அவள் அனுப்பும் படங்களில் அம்மாவின் காலடியில் வெறும் வெயில் மட்டும் விழுந்துகிடக்கும். நெதர்லாந்துக்காரர்கள் மரியாதைக்காரர்கள், யாரும் கேட்கவில்லை. செர்பியா எல்லையில் ஒரு காவலர் மட்டும் தரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. நிழலில்லாத ஆள் எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் தெரிகிறார். சைக்கிள் பாதை முடிந்து பொதுச் சாலையில் ஏற வேண்டிய இடங்களில் இரண்டு தரம் வண்டிகள் உரசிக்கொண்டு போயிருக்கின்றன. நிழலைக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று அவள் மன்றாடினாள். சரிம்மா, சரிம்மா என்று சிவசைலம் போனை வைத்தார். செம்பை எடுத்துத் தண்ணீர் நிறைத்தார், சுவர்ப் பக்கம் போனார், நிழலைப் பார்த்தார், செம்பைக் கொண்டுபோய் அடுக்களையிலேயே வைத்துவிட்டார். நாளைக்குக் கொடுக்கலாம் என்றார். அந்த நாளை ஒரு வருஷம் நீண்டது. இதை அவருடைய தப்பு என்று சொன்னால் கோபப்படுகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. கோபப்பட்டாலும் தப்பு தப்புதான்.

மூன்றாம் வருஷம் வைகாசிக் கடைசியில், மலைமேல் மேகம் இறங்கி, அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த சாயங்காலம், நிழல் ஒரு இறக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. காபி குடித்துக்கொண்டிருந்த சிவசைலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சைக்கிளை விட்டுத் தெறித்து, சுவரின் அடியில் வந்து விழுந்தது. சைக்கிளின் நிழல் தனியாகக் கிடக்க, அதன் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அப்படி மடங்கிய காலை அவர் முன்பு ஒரு தரம் புளியமரத்தடியில் பார்த்திருக்கிறார். டீச்சருக்குப் போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளுக்குப் போட்டார். அம்மா போஸ்னியாவில் மலைப்பக்கம் எங்கேயோ இருக்கிறாள், எந்த ஊர் என்று தெரியாது என்று அவள் அழுதாள். சிவசைலம் போனைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினார்.

மேகம் கொஞ்சம் விலகி, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சூரியன் குற்றால மலைக்குப் பின்னால் போய்விடும். அவர் தரையில் மண்டியிட்டு, தண்ணீர் நிறைந்த டம்ளரை வெயிலில் நீட்டினார். டம்ளரின் நிழல் சுவரில் விழுந்தது. முதலில் அது டீச்சரின் நெற்றிக்குப் போனது, தோளுக்குப் போனது. அவர் ஒரு கையால் மறுகையைப் பிடித்துக்கொண்டு, டம்ளரின் நிழலை நிழலின் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். “சுந்தரி, எனக்காக இருக்காண்டாம். குடிச்சிட்டுப் போ” என்றார். டம்ளரில் தண்ணீர் ஒரு வாயளவு குறைந்தது. நிழல் கையூன்றி எழுந்தது, நொண்டிக்கொண்டே சைக்கிளை நிமிர்த்தியது, சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போனது. இட்லிக்கடை வாசலில் நின்றவர்கள் மிதித்துவிடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். உலகம்மை கை கூப்பினாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அது எந்த வழியாகப் போனது என்று யாருக்கும் தெரியாது. கார் ஏறிப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்கே, போஸ்னியாவில் வெயில் சாய்கிற நேரத்தில், ஒரு மலைச்சாலையில் பால் வண்டி ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் சட்டென்று நிறுத்தினார். சாலையின் குறுக்கே ஒரு பெண்ணின் நிழல் விழுந்து கிடந்தது, பெண்ணைக் காணோம். நிழலுக்குரிய ஆள் எங்கே என்று இறங்கித் தேடிப் பார்த்தபோது, கீழே புதருக்குள், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில், டீச்சர் கால் ஒடிந்து கிடந்தார். இடித்த வேன் நிற்காமல் போய்விட்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, அது கார் கணக்கில் வராது என்று ஸ்ரீவித்யா போனில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் சிவசைலத்தின் போன் அடித்தது. பையன் போன பிறகு டீச்சர் அவரோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“தண்ணி வந்துச்சு” என்றார் டீச்சர். “நம்ம வீட்டுச் செம்புத் தண்ணி.”

“வலிக்கா?” என்று சிவசைலம் கேட்டார்.

“கொஞ்சம்.”

அவ்வளவுதான்.

கால் கூடி, நடந்து பழகி, அடுத்த வருஷம் ஆனியில் டீச்சர் பொதிகையில் வந்து இறங்கினார். சிவசைலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிருந்தார். ஷெட்டில் பல வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்த காரை அதற்கு முந்தின மாதமே காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டார். டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலை வெயிலில் டீச்சருக்கு நிழல் சரியாக விழுகிறதா என்று தெருவே எட்டிப் பார்த்தது. சரியாகத்தான் விழுந்தது, லேசாக நொண்டியது, அவ்வளவுதான். சாரல் முடிகிற வரைக்கும் இருவரும் விடிகாலையில் குற்றாலத்துக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு நடந்து வந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. காய்கறி விலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டவர்கள் உண்டு.

ஆவணியில் டீச்சர் மறுபடி கிளம்பினார். இந்த முறை வடக்கே, நார்வேப் பக்கம். சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறித் தெருமுக்கு வரை போனவர், திரும்பி வந்தார். என்னத்தை மறந்தாள் என்று சிவசைலம் ஜன்னல் திட்டைப் பார்த்தார். பம்பு சைக்கிளில்தான் இருந்தது. அன்றைக்கு டீச்சர் எதையும் மறக்கவில்லை. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவர் கொண்டுவந்து கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“அன்னைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திய. அவன் சார்ஜரை மறந்துட்டான். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. கார் ஜன்னல் வழியாவே எடுத்துக் குடுத்துட்டேன். எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலேன்னு நான் சொல்லல.”

“வண்டிய ஓட்டுனது நாந்தானே” என்றார் சிவசைலம்.

“அது தெரியும். தண்ணி குடுக்காதது நான். அவனுக்குக் குடுக்காத தண்ணிய நான் எப்படிக் குடிக்க? உங்க மொகத்தைப் பாத்தா சொல்லிருவேன்னுதான் பேசாமயே இருந்தேன்.”

இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பழியைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். டீச்சர் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை அவரிடம் நீட்டினார். மீதியைச் சிவசைலம் குடித்தார். போயிட்டு வாரேன் என்று சொல்லி டீச்சர் எழுந்தார். நிழலும் எழுந்து, சக்கரத்தை ஒட்டியே வாசற்படி இறங்கி, தெருமுக்கு திரும்பும் வரை கூடவே போனது.

ராத்திரி மாவுத் தூக்கோடு வந்த உலகம்மை, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது இனிச் சில்லிடாது, ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டியதுதான் என்று சொல்லித் தூக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். சுவரில் சிவசைலத்தின் நிழல் மட்டும் இருந்தது. அவர் எழுந்ததும் அதுவும் எழுந்து, கூடவே அடுக்களைக்குப் போய், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது.