பழைய ஊரில் ஒரு மணி நேரம்

"பழைய ஊரையும் போடு" என்றார் அத்தான்.

வரைபடத்தை மேசைமேல் விரித்து ஒருநாள் பயணத்துக்கு வழி குறித்துக்கொண்டிருந்தேன். விடியலில் உப்புவெளி, வெயில் ஏறுவதற்குள் சிவப்புப் பாறைகள், மதியச் சாப்பாட்டுக்குக் கோட்டை, சாயங்காலம் மணல்மேடு. பாலைவனத்தைச் சுற்றிக்காட்டும் தொழிலில் பாதி, நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான். பழைய ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் என் பென்சில் தானாக ஒதுங்கிவிடும். ஒரு வருடமாக அப்படித்தான். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், பாதை சரியில்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவிடுவேன்.

"அங்க போய் என்ன அத்தான் பண்ணப் போறோம்? விளக்கம் சொல்ல யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. அவ பேச ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டா."

மாட்டா என்கிறார், அக்கா நேற்றும் பேசியவள் போல. இந்த வீட்டில் எனக்குப் பெயரே ராங்கி. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுத்தான் யோசிப்பேன். அன்றைக்கு மட்டும் நன்றாக இருந்த பென்சிலையே மறுபடி சீவினேன்.

அக்காதான் எங்கள் வழிகாட்டி. கிணறுகள் வற்றியதும் சனங்கள் அப்படியே விட்டுப்போன ஊர் அது. கூரையில்லாத வீடுகள், அடுப்புகளில் இன்னும் கரி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்களை நிறுத்துவாள். "கதவு இல்லன்னா என்ன, கேட்டுட்டு உள்ள போங்க" என்பாள். கேமராவும் தொப்பியுமாக வந்தவர்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே "வரலாமா?" என்று கேட்பார்கள்.

கடைசியாகப் போன அன்று இரண்டு வண்டிகள். ஒன்றை அத்தான் ஓட்டினார், மற்றதை வாடகை வண்டிக்காரர். எந்த வண்டியில் கலகலப்பு இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்வது அக்காவின் வழக்கம். புழுதிக்காற்று கிளம்பிவிட்டதென்று அவசரமாகப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்த வண்டியில் இருப்பாள் என்று இவர் நினைத்தார், இந்த வண்டியில் இருப்பாள் என்று அவர் நினைத்தார். எங்கள் வாசலில் இரண்டு வண்டிகளின் கதவுகளும் திறந்தபோது நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். கடைசி ஆள் இறங்கிய பிறகும் அத்தான் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காற்று அடங்குவதற்கு மறுநாள் ஆகிவிட்டது. தேடாத இடமில்லை, ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அழுது தீர்த்திருப்போம். ஒன்றுமே இல்லாமல் எதைப் பார்த்து அழுவது? எங்கள் வீட்டில் 'செத்துட்டா' என்ற சொல்லை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சவாரி இல்லாத நாட்களில் அத்தான் தனியாக அங்கே போய்வருவது எனக்குத் தெரியும். ஒருநாள் போனவர் போனவராகவே இருந்துவிடுவார் என்பதுதான் என் பயம். அவரையும் அந்த மண்ணுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

அதனால் பழைய ஊரைப் போட்டேன். "நானும் வர்றேன், நானே பேசிக்கிறேன்" என்றேன்.

வந்தவர்கள் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கோட்டையில் ஒரு கணக்கு வாத்தியார் தடுக்கி விழப் பார்த்து, "இந்த ராஜாவுக்குப் படிக்கட்டு அளக்கத் தெரியல" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பழைய ஊருக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கிப்போனது. அக்கா சொன்னதைக் கேட்டுக்கேட்டு எனக்கும் மனப்பாடம்தான். ஒப்பித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு டீச்சரம்மா என் கையைத் தொட்டார்.

"அந்தத் தெருவுல யாரோ பேசுற மாதிரி இருக்கேம்மா?"

"காத்துங்க. சுவர் இடுக்குல நுழைஞ்சா அப்படித்தான் கேக்கும்."

காற்றேதான். அக்காவே அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அத்தான் அந்தத் தெருமுனையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, யாரோ சொல்வதைக் கேட்கிறவர் போல மெல்லத் தலையாட்டினார். எனக்கும் பித்துப் பிடித்தால் இவரை வீட்டுக்கு யார் கூட்டிப்போவது என்று என்னையே அதட்டிக்கொண்டு, கிணற்றின் கதைக்குத் தாவினேன்.

வெயில் சாய்ந்ததும் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அத்தானுக்குப் பின்சீட்டில் நான் உட்கார்ந்தேன். அவர் என்ஜினைப் போடவில்லை. பக்கக் கதவு திறந்தே கிடந்தது, படியில் மணல் ஊர்ந்து ஏறியது.

"எல்லாரும் வந்தாச்சு அத்தான். எடுங்க."

"எல்லாருமா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பித்து ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. களைத்துப்போன, தெளிவான கண்.

"அன்னைக்கு நான் வாயத் திறந்து கேக்கல. இன்னைக்குக் கேக்குறேன். அவ இனி வரமாட்டான்னு நீ சொல்லு, எடுத்துடறேன். இதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல."

நான் விரும்பியது இதுதானே. ஒரு வார்த்தை போதும், மனுஷன் பிழைத்துக்கொள்வார். உதடு வரைக்கும் வந்தது. வெளியே தெருக்கள் ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டிருந்தன. சுவர் இடுக்குகளில் அந்தக் காற்று எதையோ விளக்கிச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டது.

"இன்னும் யாராவது வரணுமாம்மா?" என்று பின்னாலிருந்து டீச்சரம்மா கேட்டார்.

பக்கத்து சீட்டில் வைத்திருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.