ரெசிபியில் இல்லாத வரி

"மேடம், மறுபடியும் தொடைக்கப் போறீங்களா?"

"தொடைக்காம? ரெண்டு தடவை பாழாப் போச்சு. இன்னிக்கும் போச்சுன்னா எந்திரம் லாரி ஏறிடும். உங்களுக்கென்ன, வந்த மாதிரியே ஓட்டிட்டுப் போயிடுவீங்க."

கேட்டவர் கம்பெனி இன்ஜினியர். பதில் சொன்னவள் தேசிய ஆய்வுக்கூடத்து டெக்னீஷியன். இருபத்தாறு வருஷமாக அந்த அறைக்குள் தூசியை அண்டவிடாதவள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'தூசியம்மா'. இன்ஜினியர் அவளுக்குக் கொழுந்தன். வீட்டில் 'அண்ணி' என்று கூப்பிட்டு இரண்டாவது தடவை சாம்பார் கேட்பவர், வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு இங்கே நுழைந்தால் 'மேடம்' என்பார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் வெவ்வேறு பஸ்ஸில் வருவார்கள். வேலைப் பேச்சு வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று இருவருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சிலிக்கான் வேஃபர் என்கிற மெல்லிய வட்டத் தகட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கோடுகளை அரித்துத் தரும் எந்திரம் அது. அரசாங்கத்துக்குச் சொந்தமாக வாங்க வழியில்லை. கொழுந்தனின் கம்பெனி இரவல் கொடுத்தது. மூன்று முயற்சி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வேஃபர். ஒரு முயற்சியிலாவது கோட்டின் ஆழம் சரியாக வந்துவிட்டால் எந்திரம் இங்கேயே நிற்கும். வருஷத்துக்கு முப்பது ஆராய்ச்சி மாணவர்கள் அதில் பழகலாம். இல்லாவிட்டால் லாரி.

எந்திரம் வந்து இறங்கியதுமே அவள் துடைத்துக் கொடுத்துத்தான் ஓட்டினார்கள்; அந்த முதல் முயற்சியில் ஆழம் போதவில்லை. "சுத்தம் பத்தலையோ?" என்றார் டைரக்டர். தூசியம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் எந்திரத்தின் வயிற்றைத் திறந்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்தாள். இரண்டாம் முயற்சியிலும் அதே குறை. இன்றைக்கு இரண்டு மணிநேரம் துடைத்து முடித்துவிட்டு மூடியருகே நின்றாள். இதற்குமேல் துடைக்க என்ன இருக்கிறது? முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"உங்க ஃபேக்டரில இதை யாரு தொடைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும் மேடம்? நான் ஆபீஸ்ல உக்காந்து, எந்திரத்தை எப்படி ஓட்டணும்னு வரிவரியா ரெசிபி எழுதறவன். ஷிஃப்ட்ல ஒரு பெரியவர் இருக்கார், அவர்தான் எல்லாம்."

"அவரைக் கேளுங்க."

"எழுதிக் கொடுத்ததைத் தவிர எதுவும் பேசக் கூடாதுன்னு ரூல்."

"தம்பி."

அந்த அறைக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கொழுந்தன் அங்கி மாற்றும் அறைக்கு நடந்தார். அங்கேதான் போனுக்கு அனுமதி. அவளும் பின்னாலேயே போனாள். ஸ்பீக்கரில் ஷிஃப்ட் பெரியவரின் குரல் வந்தது.

"தொடைச்ச கையோட நல்ல வேஃபரைப் போட்டீங்களா? அடக் கடவுளே! புதுச் சட்டில முதல் தடவையே விருந்து சமைப்பாங்களா சார்? உதவாத வேஃபர் அஞ்சு போட்டு ஓட்டணும். எந்திரத்தோட உள்சுவத்துல ஒரு படலம் படியும். அப்பதான் அது நிதானத்துக்கு வரும்."

"ரெசிபில அப்படி ஒரு வரியே இல்லையே?"

"சோறு திங்க வாயைத் திறக்கணும்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?"

தூசியம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப நான் தொடைச்சதுதான் கெடுத்துதா?"

"யாரும்மா அது? தொடைச்சது தப்பில்ல. தொடைச்ச உடனே அவசரப்பட்டீங்க பாருங்க, அதான்."

"உதவாத வேஃபருக்கு இப்ப எங்க போறது?" என்றார் கொழுந்தன், போனை வைத்துவிட்டு.

அவள் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பாழான ஆறு வேஃபரும் அதில் வரிசையாக நின்றன.

"டைரக்டர் தூக்கிப் போடச் சொன்னாரே!"

"சொன்னார். மனசு வரல."

ஐந்தைப் போட்டு ஓட்டினார்கள். பிறகு நல்ல வேஃபர் மூன்று. மைக்ராஸ்கோப்பில் அளந்தபோது டைரக்டரும் வந்து நின்றார். முதல் வேஃபர் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதை அவர் தானே இன்னொரு தரம் அளந்து பார்த்தார்.

"என்னம்மா செஞ்சீங்க?"

"குப்பை போட்டோம் சார்."

அவர் சிரிக்கவில்லை. முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு, எந்திரம் நிற்பதற்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவள் ரெசிபித் தாளை எடுத்தாள். அச்சடித்த பதினோரு வரிக்கும் மேலே, காலியாக இருந்த இடத்தில் கையால் எழுதினாள்: 'துடைத்தபின் ஐந்து கழிவு வேஃபர் ஓட்டவும்.' பக்கத்தில் தன் பெயரைப் போட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இது கம்பெனி சமாச்சாரம் ஆச்சே, மேடம்."

"இந்த ரூம்ல சேர்ந்து கண்டுபிடிச்சது ரெண்டு பேருக்கும் பொதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"கண்டுபிடிக்கலையே. போன் பண்ணிக் கேட்டோம்."

"ஆறு வேஃபரைப் பாழாக்கிட்டுத்தானே கேட்டோம்? சரி, அந்தப் பெரியவர் எப்ப ரிட்டயர் ஆறார்?"

"அடுத்த மாசம்."

"அப்ப உங்க கம்பெனிக்கும் ஒரு நகல் எடுத்துக்குங்க."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது அவள் கை தன்னையறியாமல் துணியை எடுத்து எந்திரத்தின் மூடிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி!"

அவள் துணியை மடித்துக் கீழே வைத்தாள்.