மணி அடிக்காத படுக்கைகள்

பணியாளர் செயல்திறன் மேம்பாட்டுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் என்று அறைக் கதவில் பலகை மாட்டியிருந்தவரை, அந்த அரசு ஆஸ்பத்திரியில் எல்லோரும் மார்க்கு மாமா என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருஷமாகச் சுண்ணாம்பு கேட்டுக் கிடைக்காத வார்டுச் சுவரில், அவர் கேட்ட மறுவாரமே ஒரு பெரிய திரை வந்து உட்கார்ந்தது. நோயாளி மணியை அழுத்தினால் திரையில் சிவப்பு எரியும். நர்ஸ் ஓடிப்போய்ப் படுக்கையருகே தன் அட்டையைக் காட்டினால் அணைந்து, அவள் பேரில் ஒரு அழைப்பு பதிவாகும். எத்தனை அழைப்புக்கு ஓடினாள், எவ்வளவு சீக்கிரம் ஓடினாள் என்பதுதான் மார்க்கு.

அதில் பூனைக்கு முட்டை.

நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அந்த நர்ஸுக்குப் பூனை என்று பேர். சலைன் தீருமுன்னே போய் நிற்பாள். தண்ணீருக்கு வாய் திறக்குமுன் டம்ளரை நீட்டுவாள். அவளுடைய பத்துப் படுக்கைகளில் யாருக்கும் மணியடிக்க வேலை வந்ததில்லை. ஆகவே அவள் மாதம் முழுக்கச் சும்மா இருந்தாள் என்று திரை முடிவுகட்டிவிட்டது. செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்து, மணி கேட்டதும் பாய்ந்த எதிர்வரிசை நர்ஸுக்கு நட்சத்திரம்.

இன்று கடைசி நாள். நாலு மணிக்குள் அவள் பேரில் நாற்பது அழைப்பு பதிவாகாவிட்டால் பூனையை மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் காலையிலிருந்தே திரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இடது முட்டி அவளுக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. பூனை போனால் வார்டு இரண்டே நாளில் சந்தி சிரித்துவிடும். மார்க்கு மாமாவிடம் மன்றாடிப் பார்த்தாள். கூப்பிடாமலே செய்கிற வேலைக்குப் படிவத்தில் கட்டமில்லை என்று அவர் கையை விரித்தார்.

மத்தியானம் பூனை சாப்பிடப் போனதும் சிஸ்டர் படுக்கை படுக்கையாகப் போய்க் கெஞ்சினாள். எதற்கு வேண்டுமானாலும் அடியுங்கள், கொட்டாவி வந்தாலும் அடியுங்கள் என்றாள். ஒன்பது பேர் தலையாட்டினார்கள். ஏழாம் படுக்கைக்காரர் மட்டும் மாட்டேன் என்றார். பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"முப்பத்தஞ்சு வருஷம் மணியடிச்சவன்மா நான். சும்மா அடிச்சா வண்டி நின்னுடும்."

"நீங்க ஒருத்தர் அடிக்கலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுய்யா, படுங்க."

அப்புறம் வார்டு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஆயிற்று. மூன்றாம் படுக்கை ஜன்னலைத் திறக்கச் சொல்லி அடித்தது. ஒன்பதாம் படுக்கை அதை மூடச் சொல்லி அடித்தது. பூனையின் செருப்புச் சத்தம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது. சிஸ்டர் திரையடியில் நகத்தைக் கடித்தபடி எண்ணினாள். இருபத்தாறு. முப்பது. முப்பத்து மூன்று.

மூன்றரைக்குப் பூனை ஏழாம் படுக்கையைத் தாண்டும்போது சட்டென்று நின்றாள். சலைன் எப்போதோ தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. கண்டக்டரின் கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது.

"ஏன்யா கூப்பிடல?"

"நீ ஓடிக்கிட்டே இருந்தியேம்மா. இன்னொரு ஸ்டாப்பிங் எதுக்குன்னு விட்டுட்டேன்."

பூனை ஊசியை எடுத்தாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சிஸ்டர் கையில் வைத்தாள்.

"இதோட நீங்களே ஓடுங்க சிஸ்டர். நான் இங்கதான் இருப்பேன்."

சிஸ்டரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் படுக்கை அடித்தது, ஓடினாள். பத்தாம் படுக்கை, ஓடினாள். முட்டி நறநறவென்றது. முப்பத்தொன்பது ஆனபோது வார்டு அடங்கிப்போயிருந்தது. எல்லோரும் ஏழாம் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒருவர் விரலும் மணிப்பக்கம் போகாது. நாலுக்கு மூன்று நிமிஷம்.

மணி அடித்தது. ஏழாம் படுக்கை.

சிஸ்டர் மூச்சிரைக்க வந்து நின்றாள். "பூனைதான் பக்கத்திலயே இருக்காளே, அப்புறம் எதுக்குய்யா?"

"அவளை இல்லம்மா, உன்னைத்தான் கூப்பிட்டேன். கை வலிக்குது. வந்து பாரு."

சிஸ்டர் பார்த்தாள். அட்டையைக் காட்ட வேண்டும் என்பதே மறந்துபோய், குனிந்து அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தாள். தலைக்குமேல் திரையில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. வாசலில் மார்க்கு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.