கட்டிலில் வைத்த பூட்ஸ்

சீருடைக்கு மேல் நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் சிவசங்கரி காலை வேலைகளைச் செய்வாள். வெள்ளைத் துணியில் கஞ்சியோ சளியோ பட்டிருந்தால் நர்சிங் ஸ்கூலில் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். கிளம்பும்போது நைட்டியை உருவிக் கதவில் மாட்டுவாள். அதன் பிறகு பிள்ளைகள் தொடக்கூடாது. ஐந்து வயது மித்ராவுக்கு இது பழகிவிட்டது. இரண்டு வயது கவினுக்குப் பழகவில்லை. அவன் அழுவான், அவள் எட்ட நின்று முத்தம் கொடுப்பாள்.

முந்தின நாள் மாலை அவள் அடிமாலி நர்சிங் ஸ்கூலிலிருந்து பஸ் ஏறி வந்தபோது, அவள் கட்டிலில் மாமியார் பூமாரியின் ரப்பர் பூட்ஸ் கழுவித் துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா மடித்து வைத்திருந்தது. அன்றுதான் பூமாரிக்குத் தோட்டத்தில் கடைசி வேலை நாள். பழைய சாமான்களை ஒதுக்குகிறாள் என்று சிவசங்கரி நினைத்தாள். எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, மருந்து அளவுக் கணக்கைப் படித்தபடியே தூங்கிப்போனாள். நாளையிலிருந்து மாமியார் வீட்டில் இருப்பார், கவினை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கெஞ்ச வேண்டாம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

காலையில் பூமாரி நல்ல சேலை கட்டிக்கொண்டு, மித்ராவைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். "கவின கிரஷ்ல விட்டுரு. கத்தரீனாள்ட்ட சொல்லிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சிவசங்கரிக்குப் புரியவில்லை. எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகமான கிரஷில் ஆயா கத்தரீனாள் அவனை முன்பே இரண்டு தரம் திருப்பி அனுப்பியவள். தோளில் துண்டு போட்டு, பிள்ளையின் பையோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது அதே கத்தரீனாள் கையை நீட்டினாள்.

"வாடா வா. இனி நீ கம்பெனிப் பிள்ள."

"எடுக்க மாட்டேன்னு நீங்கதானேக்கா சொன்னீக?"

"அப்ப நீ பேரு இல்லாதவ. தாய்க்காரி பேரு செக்ரோல்ல இருந்தாத்தான் பிள்ளைய எடுக்கலாம். எஞ் சட்டமா அது? இப்பத்தான் ஓம் பேரு ஏறிருச்சே. ஏத்தா, கொழுந்துக்கு இந்த வெள்ள உடுப்புலயா போவ? அட்டைக்குக் கண்ணு கூசும்."

"எம் பேரா? யாரு குடுத்தது?"

"ஒனக்குத் தெரியாதா? ஒம் மாமியா சொன்னா, ஒம் புருசன் ஆதார் காப்பி கொண்டாந்தான்."

பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில், கம்பெனி கட்டிய வரிசை வீடான லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்ற வேலைக் கணக்கில் இருக்க வேண்டும். மாமனார் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றுச் செத்தும் போய்விட்டார். இத்தனை காலம் வீட்டைத் தாங்கியது பூமாரியின் பெயர். அது போனால் வேறு பெயர் வேண்டும் என்பது சிவசங்கரிக்கும் தெரியும். அந்தப் பெயர் தன்னுடையது என்று அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்திருந்தது தெரியாது.

கவினை இறக்காமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். இறுதி ஆண்டு. கவினுக்குக் காய்ச்சல், மித்ராவுக்கு அம்மை என்று எடுத்த லீவுகளுக்கு இனி இடமில்லை. ஆசிரியை ஜிஸ்மி போன வாரம்தான் சொன்னார்: "இனி ஒரு லீவு கூடி எடுத்தால் பரீட்சை எழுதான் பற்றில்ல, கேட்டோ." பரீட்சை எழுத முடியாது. அவ்வளவுதான். அவள் பூட்ஸையும் படுதாவையும் எடுத்துக்கொண்டு மஸ்டருக்கு இறங்கினாள்.

மஸ்டர் என்பது ஆட்கள் காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். பூமாரி அங்கே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். மித்ரா பள்ளிக்கூடப் பையோடு டப்பாவைப் பிடித்திருந்தாள். ரோட்டோரம் தன் சுற்றுலா ஜீப்பில் சாய்ந்து அவள் புருஷன் பாண்டித்துரை நின்றிருந்தான். பெண்களில் ஒருத்தி சிவசங்கரியின் கையில் பூட்ஸைப் பார்த்துக் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். இன்னொருத்தி கவினின் கையில் ஒரு லட்டைத் திணித்தாள்.

"சிவசங்கரி" என்று சூப்பர்வைசர் குருசாமி பெயர் கூப்பிட்டார்.

"இருக்கேண்ணே. பேரை வெட்டுங்க."

கைதட்டல் நின்றது. பூமாரி பதறினாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு? நேத்து பூட்ஸ எடுத்து வச்சுக்கிட்டவ நீதானே? வேணாம்னா கட்டில்லயே விட்டுருக்கணும். எங்க மாமியா எனக்கு வச்சா, நான் எடுத்தேன். நான் ஒனக்கு வச்சேன், நீ எடுத்த."

சிவசங்கரி ஆனைக்கரையில் பிறந்த ஏலக்காட்டுக்காரி. இந்த லயத்தில் கட்டிலில் வைப்பதும் எடுப்பதும் ஒப்பந்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"படுக்க எடம் வேணும்னு எறக்கி வச்சேன் அத்த. வாயால ஒரு வார்த்த கேக்க முடியலையா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன். அதான் நீங்க கேக்கல."

பூமாரியின் கண் நிறைந்துவிட்டது. "அட்ட கடிச்சுத் தழும்பேறுன காலுடீ இது. இந்த வீட்ட விட்டு எங்க போவேன்?"

"யாரு போகச் சொன்னா? ஒங்க மகன் பேரக் குடுங்க."

ஜீப்பில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "கூறுகெட்டவளே, பொம்பளைக கூட நின்னு நான் கொழுந்து எடுக்கவா?"

"அந்தா நிக்கிறாங்களே ஜார்க்கண்ட் ஆளுங்க, அவங்க ஆம்பள இல்லியா?" அவள் காட்டிய திசையில் கொழுந்து வெட்டும் கத்தரி மாட்டிய தோள்களோடு நின்ற மூன்று பேர் எதுவும் புரியாமல் சிரித்தார்கள். அவள் குருசாமியிடம் திரும்பினாள். "அண்ணே, வீட்டுக்கு ஒரு பேருன்னா அது பொம்பள பேராத்தான் இருக்கணுமா?"

குருசாமி தொண்டையைக் கனைத்தார். "யாருன்னு கம்பெனி கேக்காது. கத்தரிக்கு ஆம்பள ஆளில்லாமத்தான் கெடக்கு."

"பெறகு ஏன் எம் பேரு?"

"ஒங்க வீட்டுல குடுத்த பேரும்மா."

"படிச்சு எந்த ஆஸ்பத்திரில கிழிக்கப் போற?" என்றான் பாண்டித்துரை. "பெத்த ரெண்டப் பாக்கத் தெரியல."

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றே அழைத்தவள் அவள்.

"கவின் ராத்திரி பூரா வாந்தி எடுத்தான். விடிஞ்சதும் நீ டிரிப்பு போன. எனக்கு லீவு. மித்ராவுக்கு அம்ம போட்டுச்சு, நீ தேக்கடி போன. எனக்கு லீவு. ஒனக்கு எந்தப் பிள்ளையால லீவு வந்துச்சு? சொல்லு, இத்தன பேரு கேக்கட்டும்."

மேல் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

சிவசங்கரி பூட்ஸையும் படுதாவையும் ஜீப்பின் டிரைவர் சீட்டில் வைத்தாள். கவினைத் தூக்கிப் பாண்டித்துரை கையில் கொடுத்தாள். பிள்ளையின் பையை அவன் தோளில் மாட்டினாள்.

"கஞ்சி இருக்கு. டயப்பர் ஒண்ணுதான் இருக்கு."

"ஏய், ஓட்டல்ல டூரிஸ்ட்டு காத்திருக்காங்கடி!"

"இவனையும் முன்னாடி உக்காத்திக்க. மலையச் சுத்திக் காட்டு. இவனும் பாத்ததில்ல."

கிரஷ் வாசலிலிருந்து கத்தரீனாள் கத்தினாள். "பேரை வெட்டிட்டா நான் பிள்ளைய எடுக்க முடியாது, பாத்துக்க!"

"வேணாங்க்கா. அவனுக்கு அப்பன் இருக்கான்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. பூமாரி சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருசாமி பேனாவால் ஒரு கோடு இழுப்பதை உறுதி செய்துகொண்டுதான் சிவசங்கரி ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். துண்டு நழுவிய இடத்தில், வெள்ளைத் தோளில், ஐந்து விரலும் தெரிய மஞ்சளாக லட்டுக் கை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள், பரவியது. விட்டுவிட்டாள்.

ஸ்கூலோடு சேர்ந்த ஆஸ்பத்திரி வாசலில் ஜிஸ்மி அந்தத் தோளைப் பார்த்து, "இதெந்தா?" என்றார்.

"எம் பிள்ள கை, மிஸ். திருப்பி அனுப்புனா போக மாட்டேன்."

ஜிஸ்மி ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவு எடுக்கப் போனார்.

அணைப்பதற்காகப் போனை எடுத்தாள். பாண்டித்துரையிடமிருந்து வந்த அழைப்புகள் நிறைய இருந்தன. கடைசியாக ஒரு செய்தி: டயப்பர் எந்தக் கடைல கிடைக்கும்?

அவன் தினமும் ஜீப்பை நிறுத்தும் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருக்கும் கடை. கவின் பிறந்ததிலிருந்து, மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜீப் கூட்டத்தைக் கடந்து போய் அவள் அங்கேதான் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவன் பல நாள் கையசைத்திருக்கிறான்.

பதில் போடவில்லை. போனை அணைத்துவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.