பால் பொங்கிய படகு

விலாசினிக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, காதுதான் சிவக்கும். அன்று காலை புளிங்குன்னுப் படகுத்துறையில் வந்து இறங்கும்போதே இரண்டு காதும் சிவந்து கிடந்தன. அண்ணன் பிரசன்னனின் புதுப் படகுவீட்டுக்குப் பாலுகாச்சல், அதாவது பால் காய்ச்சிக் குடிபுகும் சடங்கு. மஸ்கட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பதினெட்டு வருஷம் கால் கடுக்க நின்று சேர்த்ததையெல்லாம் கொட்டிக் கட்டிய படகு அது. இரண்டு படுக்கையறை, பின்பக்கம் சமையலறை, மேலே வளைந்த மூங்கில் கூரை. பார்த்ததும் விலாசினிக்கே கண் நிறைந்துவிட்டது. கண் நிறைந்துபோன பிறகு கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று கூடப்பிறந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சண்டை சிலிண்டரைப் பற்றியது. விலாசினி ஆலப்புழையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக, ஹோட்டல் ஹோட்டலாகப் போய் அடுப்பு மாட்டுகிறாள். சாலையே இல்லாத தீவு வீடுகளுக்குச் சின்ன வள்ளத்தில் சிலிண்டரை ஏற்றி, தானே துடுப்புப் போட்டுப் போவாள். இறங்கியதும் தானே தோளில் தூக்குவாள். பெருவெள்ளம் வந்த வருஷம் சிலிண்டர்களெல்லாம் சமையலறையை விட்டு மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பிறகு, சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டாமல் ஒரு வீட்டை விட்டும் அவள் வெளியே வந்ததில்லை. "என் கை பட்ட அடுப்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் பேப்பர்ல வந்ததில்ல" என்று சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் ஜம்பம்தான். ஆனால் உண்மையான ஜம்பம்.

பிரசன்னனோ சிலிண்டர் இரண்டையும் சமையலறைப் பலகைக்குக் கீழே, படகின் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கச் சொன்னான்.

"வர்றவங்க காயலைப் பார்க்க வர்றாங்க. உன் நீலக் குண்டைப் பார்க்க இல்ல" என்றான்.

"சேட்டா, கேஸு கனமானது. கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி கீழ இறங்கும். வீடுன்னா கதவு இடுக்கு வழியா வெளியே போயிடும். படகுல எங்க போகும்? படகுக்கு அடியில ஓட்டை இருக்கா?"

"இருந்தா அது படகா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்! உள்ளயே தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும்."

பிரசன்னன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மாட்டித் தர முடியாது என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். அவன் எங்கிருந்தோ ஒருத்தனைப் பிடித்து வந்து ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துக்கொண்டான். அதோடு விட்டானா? "தங்கச்சிக்குப் பொறாமை, வேறென்ன" என்று துறை முழுக்கச் சொல்லி வைத்தான். அந்தச் சொல் விலாசினியைக் குத்தி எடுத்தது. இருந்தாலும் அழைப்பு வந்ததும் கருவிப் பையோடு புறப்பட்டு வந்துவிட்டாள். அன்று சாயந்திரம் நாக்பூரிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு வந்து அந்தப் படகில் தங்கப் போகிறது. அவர்கள் அதில் கண்ணயர்வதற்கு முன்னால் சிலிண்டர் மேலே வந்தாக வேண்டும். சடங்கு முடிந்ததும் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

முன்தளத்தில் ஐந்து திரியிட்ட குத்துவிளக்கு எரிந்தது. பின்னால் சமையலறையில், ஹோட்டல்களில் வைப்பதுபோன்ற பெரிய பர்னரில் புது மண்பானையை ஏற்றினாள் அண்ணி பிந்து. உறவுக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: பால் பொங்கும் நேரத்தில் யாரும் அடுப்பில் கை வைக்கக் கூடாது, தீயைக் குறைக்கவும் கூடாது. நன்றாக வழிய வேண்டும். எவ்வளவு வழிகிறதோ அவ்வளவு ஐசுவரியம். அன்று பால் அப்படி வழிந்தது. குலவைச் சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும். பிந்து பானையைத் துணியில் பிடித்து இறக்கி முன்தளத்துக்குக் கொண்டுபோக, கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் போயிற்று.

பாயசம், பழம், சிரிப்பு என்று அரை மணி நேரம் ஓடியது. பக்கத்துப் படகின் முதலாளி வக்கச்சன் விலாசினியைச் சீண்டாமல் விடவில்லை.

"என்ன விலாசினி, அண்ணன் படகுல ஏதாச்சும் குத்தம் கண்டுபிடிச்சாச்சா?"

"உங்க படகுல கண்டுபிடிச்சுட்டு வந்துதான் இதைப் பார்க்கணும்" என்றாள் அவள்.

அப்போதுதான் பிந்து கையிலிருந்த பானை அவள் கண்ணில் பட்டது. அடிப்புறம் முழுக்கப் பால் வழிந்து காய்ந்திருந்தது. இவ்வளவு பால் வழிந்தால் கீழே தீ என்ன ஆகியிருக்கும்?

"அண்ணி, அடுப்பை அணைச்சீங்களா?"

"நல்ல நாள் அதுவுமா யாராச்சும் கையால அணைப்பாங்களா?" பிந்து முகம் மலரச் சொன்னாள். "பாலே அணைச்சிருச்சு மோளே! எவ்வளவு ஐசுவரியம் பாரு!"

விலாசினி கையிலிருந்த பாயசக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள்.

ஓட்டமாக ஓடினாள். பர்னர் பாலில் நனைந்து கிடந்தது. தீ இல்லை, மெல்லிய சீறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. குமிழை மூடினாள். நின்றபடி மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, ஏலக்காய் வாசனைதான். மண்டியிட்டு, பலகை இடுக்கில் மூக்கை வைத்தாள். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் குப்பென்று ஏறியது. அரை மணி நேரமாகப் படகின் வயிறு நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வயிறு பின்முனையிலிருந்து முன்முனை வரை ஒரே குகை. அதன் மேல் முப்பது பேரும் எரிகிற ஐந்து திரியும்.

அவள் முன்தளத்துக்குத் திரும்பி ஓடி வந்தபோது, படகோட்டி தங்கச்சன் உறவுக்காரர்களை ஒரு சுற்று அழைத்துப்போக இன்ஜின் சாவியில் கை வைத்துவிட்டான்.

"தங்கச்சா! கையை எடு! சாவியைத் திருப்பினே, கையை ஒடிச்சுடுவேன்!"

அவன் வெலவெலத்துப்போய்ச் சாவியை விட்டான். விலாசினி விளக்கின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திரியாக எண்ணெய்க்குள் அமிழ்த்தினாள். ஐந்தும் அணைந்தன. விரல் சுட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"அய்யோ, விளக்கை அணைச்சுட்டாளே!" என்று ஒரு பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிரசன்னன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீ என் கூடப்பிறந்தவதானாடீ?" என்று கையை ஓங்கிவிட்டான்.

"அடிக்கிறதுன்னா கரையில இறங்கி அடி சேட்டா. இங்க நிக்காதே. எல்லாரும் இறங்குங்க! ஒருத்தரும் போனைத் தொடாதீங்க, ஸ்விட்சைத் தொடாதீங்க. குழந்தைங்க முதல்ல!"

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று எல்லாரையும் நகர்த்தியது. பலகைப் பாலத்தில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பிரசன்னன் மட்டும் அசையவில்லை.

"இது என் படகு. நான் போக மாட்டேன்."

"போகாட்டி குனி. இங்க மூக்கை வை."

முன்தளத்துப் பலகை ஒன்றை அவள் மெல்லத் தூக்கினாள். அவன் குனிந்தான். ஒரே மூச்சுதான், இருமிக்கொண்டு எழுந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"மோட்டார் பம்பு இருக்கே" என்றான் திணறியபடி. "போட்டு வெளியே எடுத்துடலாமா?"

"பம்பு போட்டா அதோட பொறியிலேயே ரெண்டு பேரும் கூரைக்கு மேல. வாளி கொண்டு வா. பிளாஸ்டிக் வாளி, இரும்பு வேண்டாம்."

"வாளி எதுக்கு?"

"இறைக்க."

வாளியை மெல்லக் கீழே இறக்கி, பக்குவமாக மொண்டு, காயல் பக்கம் சரித்தாள். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் வாளி போனது, வெறும் வாளி வந்தது.

"பிரசன்னா, உன் தங்கச்சி காத்தை இறைக்கிறா டோய்!" வக்கச்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று கரைப் பக்கம் திரும்பியது. நாற்றம் நேராக அவன் மூக்கில் போய் மோதியது. பற்ற வைக்கலாமென்று உதட்டில் வைத்திருந்த சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலு அடி பின்னால் போனான். பிறகு சிரிக்கவில்லை.

பிரசன்னன் இரண்டாவது வாளியை எடுத்தான். கடல் மட்டத்துக்கும் கீழே வயல் போட்டு, தண்ணீரை இறைத்து இறைத்தே நெல் விளைவித்த ஊரில் பிறந்தவன். இறைக்க அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு அண்ணனும் தங்கையும் இரண்டு மணி நேரம் கண்ணுக்குத் தெரியாததை மொண்டு கொட்டினார்கள். முதுகு விட்டுப்போயிற்று. காயல் காற்றும் தன் பங்குக்கு உள்ளே புகுந்து மிச்சத்தைத் துடைத்தது. பிறகு விலாசினி ஒவ்வொரு அறையிலும் பூனைபோல ஊர்ந்து மோந்து பார்த்தாள். மூன்று தடவை.

"போயிடுச்சு" என்றாள் கடைசியில்.

பிரசன்னன் பலகை மேல் சப்பென்று உட்கார்ந்தான். "அந்த நாக்பூர் குழந்தைங்க..." என்று ஆரம்பித்தான். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். விலாசினி அவன் முதுகில் கையை வைத்தாள். ஆறுதல் வார்த்தை அவளுக்கு வராது; எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"அழுதது போதும். சிலிண்டரை மேல தூக்கு" என்றாள்.

அவள் ரெகுலேட்டரைக் கழற்றிக் கொடுக்க, பிரசன்னன் தூக்கினான். தோளில் ஏற்றியதும் கால் தள்ளாடியது.

"இவ்வளவு கனமா இது!"

"முப்பத்தெட்டுக் கிலோவுக்குக் குறையாது. இருபத்திரண்டு வருஷமா இதே கனம்தான்."

பின்தளத்தில், கூரைக்கு வெளியே, திறந்த காற்றில் இடம் பார்த்தாள். அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தார்கள். கசிந்தாலும் நேரே காயலில் விழட்டும் என்று. இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தி, சங்கிலி கட்டி, புது ட்யூப் மாட்டினாள். சமையல்காரன் நின்ற இடத்திலிருந்தே மூடும்படி ஒரு வால்வும் வைத்தாள். "தீயைப் பாலே அணைச்சாலும் இதைக் கையால மூடணும் அண்ணி" என்று பிந்துவிடம் சொன்னாள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. அவள் கண்ணுக்கு அந்தப் படகிலேயே அழகான மூலை அதுதான்; அதை உரக்கச் சொல்லவும் செய்தாள். நீலச் சிலிண்டர் இரண்டும் நட்ட நடு வெளிச்சத்தில் நின்றன. பிரசன்னன் துணி எடுத்து இரண்டையும் துடைத்துவிட்டான்.

பிந்து தீப்பெட்டியைக் கொண்டுவந்து விலாசினி கையில் வைத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது. விளக்கை அணைத்ததற்காக நெஞ்சில் அடித்துக்கொண்ட பெரியம்மா இப்போது அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். நாலு மணிக்கு நாக்பூர் குடும்பம் வந்து ஏறியது. தங்கச்சன் இன்ஜினைப் போட்டான். படகு வழுக்கிக்கொண்டு காயலுக்குள் போனது.

கரையில் வக்கச்சன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"விலாசினி... என் படகுல கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்."

"எத்தனை?"

"மூணு."

"அட பாவி மனுஷா! மேல படுத்துத் தூங்குறவங்க உங்களுக்கு என்ன துரோகம் பண்ணாங்க?"

இன்னும் ஆறு முதலாளிகள் அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். விலாசினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். கருவிப் பையை எடுக்கத் திரும்பினால் அது அங்கே இல்லை. பிரசன்னன் தோளில் இருந்தது.

நான்காவது படகில் புதிதாக வந்த மேனேஜர் ஒருவன், கோட்டயத்துக்காரன், இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். பிரசன்னனிடம் கையை நீட்டி, "வாங்க மெக்கானிக் சார். இவங்க யாரு, உங்க ஹெல்பரா?" என்றான்.

"மெக்கானிக் இவங்கதான்" என்றான் பிரசன்னன், துறை முழுக்கக் கேட்கும்படி. "ஆலப்புழையிலேயே இவங்களுக்கு மேல ஆள் கிடையாது. என் தங்கச்சி. நான் பை தூக்க வந்தவன்."

இருபத்திரண்டு வருஷத்தில் விலாசினியை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இந்த வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தப் படகிலும் சிலிண்டர் இருந்த கட்டிலுக்கு அடியில் சட்டென்று குனிந்து தலையை விட்டுக்கொண்டாள்.

"பன்னெண்டு நம்பர் ஸ்பானரை எடு சேட்டா" என்று உள்ளேயிருந்து கையை நீட்டினாள்.

பிரசன்னன் பையைக் குடைந்து, மிகுந்த மரியாதையோடு பதினாலை எடுத்துக் கொடுத்தான்.